ஆறரை நூலா, இருபத்தொன்றா? – பட்டறை கேள்வி பதில்

ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்ற வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "மாற்றத் தயார், எந்த சாக்கெட் போடுவது?" பிளக்கின் தலைமேல் மாட்டித் திருப்புகிற குழாய் போன்ற கருவியைத்தான் சாக்கெட் என்கிறோம். முப்பது வருடமாகப் பிளக் கழற்றிப் போடுகிறவன் நான். இதைச் சின்ன விஷயம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அளவு தப்பிய சாக்கெட்டால் ஹெட்டில் (பிளக் திருகி இறங்குகிற, என்ஜினின் மேல்பகுதி) திருகு மரை போன வண்டிகளை என் மேசையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழின் பக்கங்களை இதற்கே கொடுத்துவிட்டேன்.

கே: அப்பா வைத்திருந்த பழைய காரை நானே பராமரிக்கிறேன். கையேட்டில் பிளக்குக்கு 13/16 இன்ச் சாக்கெட் என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது முழுக்க மில்லிமீட்டர் செட். 21 போட்டால் உட்காருகிறது, ஆனால் லேசாக ஆடுகிறது. இதை வைத்தே கழற்றலாமா?

ப: கழற்றலாம். ஆனால் அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கழற்றுங்கள்.

ஒரு இன்ச் 25.4 மி.மீ. அதில் பதினாறில் பதின்மூன்று பங்கு என்றால் 20.64 மி.மீ. உங்கள் சாக்கெட் 21. வித்தியாசம் 0.36. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி இன்ச்சை நூல் கணக்கில்தான் சொல்வார். ஆசாரிமார் சொல்கிற அதே நூல்தான்: ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. அந்தக் கணக்கில் 5/8 என்பது ஐந்து நூல், 3/4 ஆறு நூல், உங்கள் 13/16 ஆறரை நூல். பின்னக் கணக்கில் தடுமாறுகிற பையன்களுக்கு இன்றைக்கும் நான் நூலில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பிளக் செய்கிறவர்கள் இந்த ஆறரை நூல் தலையை 20.8 மி.மீ. என்று எழுதுகிறார்கள். அது மேல் எல்லை. வெர்னியரில் (தாடை வைத்த நுட்ப அளவுகோல்) அளந்தால் பெரும்பாலும் 20.6, 20.7 என்றுதான் வரும். சாக்கெட் செய்கிறவர்களும் எழுதிய அளவைவிட முடியளவு அகலமாகத்தான் குடைவார்கள். இல்லையென்றால் தலைமேல் ஏறவே ஏறாது. ஆக 13/16 சாக்கெட் கச்சிதமாக உட்காரும், 21 கொஞ்சம் தளர்வாக உட்காரும், இரண்டும் கழற்றும். பல சாக்கெட்டுகளில் இரண்டு எண்ணையும் சேர்த்தே பொறித்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

தளர்வு எப்போது கெடுதல் செய்யும்? பிளக் இறுகிப் பிடித்திருக்கும்போது. அறுகோணத் தலையின் பக்கங்களில் பரவ வேண்டிய அழுத்தம், இடைவெளி இருந்தால் ஆறு முனைகளில் மட்டும் போய் விழும். பிளக்கின் தலை கடினமான எஃகு கிடையாது. நாலு தடவை வழுக்கினால் முனை மழுங்கிவிடும். பல வருடம் கழற்றாத பிளக் என்றால் ஒரு 13/16 சாக்கெட்டை இரவல் வாங்கியாவது அதைப் போட்டுக் கழற்றுங்கள். வருடாவருடம் கழற்றுகிற பிளக் என்றால் உங்கள் 21 போதும்.

இன்னும் இரண்டு ஜோடிகள் இப்படி உண்டு. 16 மி.மீ.யும் ஐந்து நூலும்: 15.88-க்கும் 16-க்கும் வித்தியாசம் 0.12தான், எதை வேண்டுமானாலும் போடலாம். 19 மி.மீ.யும் ஆறு நூலும்: 19.05, கைக்கு வித்தியாசமே தெரியாது. பிளக் விஷயத்தில் நம்பிப் போடக்கூடிய ஜோடிகள் இந்த மூன்றும்தான். மற்றவற்றில் "கிட்டத்தட்ட சரியாக இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கே: என் வண்டிக்கு 14 மி.மீ. பிளக் என்று கடையில் சொன்னார்கள். தனியாக ஒரு 14 மி.மீ. பிளக் சாக்கெட் வாங்கினேன். பிளக் தலைமேல் ஏறவே இல்லை. சாக்கெட் தவறா, பிளக் தவறா? (கல்லூரி மாணவர்)

ப: இரண்டும் தவறில்லை தம்பி. கடைக்காரர் சொன்ன 14 மரையின் விட்டம். ஹெட்டுக்குள் திருகி இறங்குகிற பகுதியின் அளவு அது. நீங்கள் வாங்கிய சாக்கெட் பிடிப்பது அதற்கு மேலே இருக்கிற அறுகோணத் தலையை. ஒரே பிளக்கில் இரண்டு அளவு, இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எனக்கு வந்த கடிதங்களில் பத்துக்கு ஆறு இந்தக் குழப்பம்தான்.

இன்ச் சாக்கெட் போட்டுக் கழற்றுகிற பழைய பிளக்கிலும் மரை பெரும்பாலும் மில்லிமீட்டர்தான். 18, 14, 12, 10, சில சின்ன என்ஜின்களில் 8. தலை மட்டும்தான் ஆறரை நூல், ஐந்து நூல் என்று இன்ச்சில் பேசப்பட்டது. கையேட்டில் ஒரு வரியில் 14 மி.மீ. என்றும் அடுத்த வரியில் 13/16 என்றும் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

என்.ஜி.கே. பிளக்காக இருந்தால் பீங்கானில் அச்சிட்ட எழுத்தே பாதி விடையைச் சொல்லிவிடும். முதல் எழுத்து மரை. பி (B) என்றால் 14, டி (D) என்றால் 12, சி (C) என்றால் 10, இ (E) என்றால் 8. பழைய வகையான ஏ (A) என்றால் 18. அந்த எழுத்தைக் கொண்டு தலையையும் ஊகிக்கலாம். வெறும் பி (B), அல்லது பி.பி. (BP) என்று தொடங்கினால் தலை பெரும்பாலும் 20.8. பி.கே. (BK) என்று தொடங்கினால் அதே 14 மரைக்குத் தலை 16. சி-க்கு 16, டி-க்கு 18, இ-க்கு 13. ஏ-க்கு 25.4, அதாவது கச்சிதமாக ஒரு இன்ச்.

உதாரணத்துக்கு பி.பி.ஆர்.6.இ.எஸ். (BPR6ES) என்ற பிளக்கையும் பி.கே.ஆர்.6.இ. (BKR6E) என்ற பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மரை 14, மரையின் நீளம் 19 மி.மீ., வெப்ப எண் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதற்கான எண்) 6. தலை மட்டும் ஒன்றில் 20.8, மற்றதில் 16. ஹெட்டில் ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு வந்தபோது நடுவில் பிளக்குக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. பிளக்கைக் குறுகலான குழிக்குள் இறக்க வேண்டி வந்தது. குழி குறுகினால் சாக்கெட் மெலிய வேண்டும், சாக்கெட் மெலிய வேண்டுமென்றால் பிளக்கின் தலை சிறுக்க வேண்டும். மரையை அப்படியே விட்டுத் தலையை மட்டும் குறைத்தார்கள்.

இந்த எழுத்துக் கணக்கு எல்லா இடத்திலும் ஓடாது. மற்ற தயாரிப்பாளர்களுக்கு அவரவர் குறியீடு. அதே என்.ஜி.கே.யிலும் புதிய இரிடியம் வகைகள் பலவற்றின் எழுத்து வரிசை வேறு. சந்தேகம் வந்தால் எழுத்தை விட்டுவிட்டு அளந்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது 16 அல்லது 21. பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கே: அளந்துதான் வாங்கினேன் ஐயா. வெர்னியரில் பிளக்கின் தலை 18.3 காட்டியது. 18 சாக்கெட் ஒருவேளை ஏறாதோ என்று பயந்துகொண்டே வாங்கினேன். ஏறியது, ஆனால் பிடிக்காமல் சுற்றுகிறது. எப்படி இது?

ப: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் டப்பாவிலிருந்து ஒரு 16 மி.மீ. பிளக்கை எடுத்து அளந்து பார்த்தேன். பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் 15.9. முனையிலிருந்து எதிர் முனை 18.3. நீங்கள் அளந்தது முனைக்கு முனை.

அறுகோணத்துக்கு இரண்டு குறுக்களவு உண்டு. தட்டையான பக்கத்திலிருந்து எதிரே இருக்கும் தட்டையான பக்கம் வரை ஒன்று. ஒரு முனையிலிருந்து எதிர் முனை வரை இன்னொன்று. சாக்கெட், ஸ்பேனர் எதுவாக இருந்தாலும் அதில் பொறித்திருப்பது பக்கத்துக்குப் பக்கம். முனைக்கு முனை அளவு அதைப்போல 1.155 மடங்கு.

பிளக்கில் இந்த மடங்கு கணக்கு ஒரு பெரிய பொறியை வைத்திருக்கிறது. 16-ஐ 1.155-ஆல் பெருக்குங்கள்: 18.5. பிளக் தலையின் முனைகளைச் சற்றே சீவியிருப்பார்கள் என்பதால் கையில் 18.3 போல வரும். 18 என்று ஒரு பிளக் அளவு இருக்கவே இருக்கிறது. அடுத்து 18-ஐப் பெருக்குங்கள்: 20.8. அதுவும் ஒரு பிளக் அளவு! ஆக 16 பிளக்கை முனையில் அளந்தால் 18 என்று தோன்றும், 18 பிளக்கை முனையில் அளந்தால் 20.8 என்று தோன்றும். இரண்டு தடவையும் வெர்னியர் சரியாகத்தான் காட்டியிருக்கும். இதை நான் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேர் அளவு மாறிய சாக்கெட்டோடு வந்து நின்றபோது காகிதத்தில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

சரியாக அளக்க ஒரு வழி. பிளக்கைக் கிடையாகப் பிடியுங்கள். வெர்னியரின் தாடைகளைத் தலையில் மெதுவாக மூடி, பிளக்கை விரலால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். எண் ஏறி இறங்கும். அதில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் அளவு. அந்த இடத்தில் தாடையும் தலையும் முழுக்க ஒட்டி நிற்கும், வெளிச்சம் நுழையாது.

உங்களுக்கு 16 வேண்டும். வாங்கிய 18-ஐத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். பைக் வைத்திருந்தால் கொடுக்க வேண்டாம், என்றைக்காவது தேவைப்படும்.

கே: என் பைக்கின் பிளக் 18 மி.மீ. பக்கத்து வீட்டுக்காரரிடம் நல்ல இன்ச் செட் இருக்கிறது. அதில் எதைப் போடலாம்?

ப: எதையும் போடக்கூடாது. 18-க்கு இன்ச்சில் ஜோடி கிடையாது. அஞ்சரை நூல், அதாவது 11/16, 17.46 வரும், தலைமேல் ஏறாது. ஆறு நூல் 19.05, ஒரு மில்லிமீட்டர் தளர்வு, போட்டால் வழுக்கியே தீரும். 12 மி.மீ. மரையும் 18 தலையும் கொண்ட பிளக்குகள் பைக்குகளில் நிறைய வந்தன. வண்டியோடு கொடுத்த கருவிப் பையில் மெல்லிய குழாய் போல ஒரு பிளக் ஸ்பேனர் இருந்திருக்கும். அது கைவசம் இருந்தால் அதையே போடுங்கள். பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் சுவர் மெல்லியது என்பதால், பருத்த சாக்கெட் இறங்காத இடத்தில் அது இறங்கும்.

சொல்ல வேண்டிய இன்னொன்று இதுதான். சாக்கெட் வாங்கும்போது உள்ளளவை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். பிளக் குழிக்குள் இருக்கிறதென்றால் சாக்கெட்டின் வெளி விட்டமும் முக்கியம். குழியின் வாயை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கே: புல்வெட்டும் இயந்திரத்துக்கும் மரம் அறுக்கும் செயின் சாவுக்கும் ஒரே சாக்கெட் போதுமா?

ப: செயின் சாவில் பெரும்பாலும் 19 மி.மீ. தலை. அதோடு வருகிற கூட்டு ஸ்பேனரின் ஒரு முனை அதற்கானதுதான். புல்வெட்டியில் ஆறரை நூலும் வரும், ஆறு நூலும் வரும். 19-ம் ஆறு நூலும் ஒன்றே என்று மேலே சொல்லிவிட்டேன். புல்வெட்டிப் பிளக்கை ஒருதரம் அளந்துவிட்டால் விடை கிடைத்துவிடும்.

கே: கார் மாற்றினேன். பழைய காருக்கு வாங்கிய 16 இதற்குப் பெரிதாக இருக்கிறது. பிளக்கை எட்டிப் பார்த்தால் தலை அறுகோணமாகவே இல்லை, பல் பல்லாகத் தெரிகிறது. யாராவது கெடுத்துவிட்டார்களா?

ப: யாரும் கெடுக்கவில்லை சகோதரி, அது பிறந்ததே அப்படித்தான். பி.எம்.டபிள்யூ., மினி, நிசான் ஆகியவற்றின் பல புதிய என்ஜின்களில் பிளக்கின் தலைக்குப் பன்னிரண்டு முனை. அளவு 14 மி.மீ. மரை பெரும்பாலும் 12. இதற்குப் பன்னிரண்டு முனை குடைந்த, சுவர் மெல்லிய 14 மி.மீ. பிளக் சாக்கெட் என்று கேட்டு வாங்க வேண்டும். ஆறு முனை சாக்கெட் இதில் சரியாகப் பிடிக்காது. நாலரை நூல், அதாவது 9/16, 14.29 மி.மீ. வரும். அவசரத்துக்குச் சிலர் அதைப் போடுவார்கள். பன்னிரண்டு சின்ன முனைகள் கொண்ட தலையில் 0.29 தளர்வு என்பது எனக்கு ஒப்புதல் இல்லை. முனை எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம் மழுங்கும்.

மற்றபடி சாதாரண அறுகோணப் பிளக்குக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட் போடலாமா என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏறும், கழற்றும். ஆனால் ஆறு முனை கையில் இருக்கும்போது அதைப் போடுவதில்லை. ஆறு முனை பக்கத்தை அகலமாகப் பிடிக்கும்.

கே: சாதாரண ஆழ சாக்கெட்டில் 16, 21 எல்லாம் இருக்கிறது. பிளக் சாக்கெட் என்று தனியாக எதற்கு? உள்ளே ஒரு ரப்பர் துண்டு வைத்திருப்பதற்காகவா?

ப: ஆமாம், அந்த ரப்பர் துண்டுக்காகத்தான். அதன் அருமையை நான் தெரிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு நாலு சிலிண்டர் காரில் பிளக் மாற்றினேன். ஆழ சாக்கெட், அளவு மிகச் சரி, உள்ளே ரப்பர் கிடையாது. மூன்றாவது பிளக்குக்கு மேலே ஒரு குழாய் குறுக்கே ஓடியது. சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்து முடுக்கினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. வண்டி போய்விட்டது. மறுநாள் மாலை திரும்பி வந்தது: சும்மா நிற்கும்போது நன்றாக ஓடுகிறது, மேடு ஏறினால் குலுங்குகிறது என்றார்கள். மேஸ்திரி எதையும் கழற்றவில்லை. பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார். மூன்றாவது பிளக்கின் பீங்கானில் மெல்லிய நீலக் கோடு ஒன்று விட்டு விட்டுப் பளிச்சிட்டது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, உலோகத் தலைக்குச் சற்று மேலே, முடியைவிட மெல்லிய ஒரு விரிசல். நகத்தை வைத்துத் தடவினால்தான் தட்டுப்பட்டது. மின்சாரம் உள்ளே முனையில் தாவாமல் அந்த விரிசல் வழியாக வெளியே உலோகத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, உள்ளே தாவுவது சுலபம். மேட்டில் அழுத்தம் கூடியதும் விரிசல் வழி சுலபமாகிவிட்டது.

ரப்பர் இரண்டு வேலை செய்கிறது. பீங்கானைச் சுற்றிப் பிடித்து, சாக்கெட் பிளக்குக்கு நேராக நிற்க வைக்கிறது. கழற்றிய பிளக்கைக் குழிக்குள் விடாமல் மேலே தூக்கியும் வருகிறது. காந்தம் வைத்த சாக்கெட்டும் தூக்கிவரும், ஆனால் சாய்வைத் தடுக்காது. குழி ஆழமாக இருந்து சாக்கெட் தானாகவே நேராக நிற்கும் என்ஜின்களில் காந்தமே எனக்கு வசதி. திறந்த இடத்தில் இருக்கும் பிளக்குக்கு ரப்பர்தான்.

ரப்பரில் ஒரு தொல்லையும் உண்டு. பிளக்கை முடுக்கிவிட்டு எக்ஸ்டென்ஷனை (ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் நீட்டுக் கம்பி) இழுத்தால் எக்ஸ்டென்ஷன் மட்டும் வரும், சாக்கெட் பிளக்கைக் கவ்விக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். பூட்டு வைத்த எக்ஸ்டென்ஷன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேருகிற இடத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டு இறக்குங்கள். ரப்பரில் எண்ணெய் ஊறி உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். உப்பிய ரப்பரைப் பீங்கான்மேல் அழுத்தி ஏற்றுவது எனக்குப் பயம்.

பீங்கானின் அடியில், உலோகத்தை ஒட்டிப் பழுப்பு நிறக் கறை வளையம் போலத் தெரிந்தால் அது விரிசல் இல்லை. உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைப்பதால் வருவது. பிளக்கைத் தூக்கிப் போட வேண்டாம்.

கே: முழுக்க மில்லிமீட்டர் என்று எழுதிய செட்டில் ராட்செட் மட்டும் 3/8 என்று இருக்கிறது. கலந்து கொடுத்துவிட்டார்களா?

ப: இல்லை. ராட்செட்டின் சதுர முனை மில்லிமீட்டர் செட்டிலும் இன்ச்சில்தான் இருக்கும்: 1/4, 3/8, 1/2. நூலில் சொன்னால் இரண்டு, மூன்று, நாலு. சாக்கெட்டின் ஒரு வாய் மில்லிமீட்டர், மறு வாய் இன்ச். பிளக் வேலைக்கு மூன்று நூல் ராட்செட்தான் சரி. அரை இன்ச் ராட்செட்டின் கைப்பிடி நீளத்தில் எவ்வளவு பலம் போகிறது என்று கைக்குத் தெரியாது. பிளக் சாக்கெட்டின் மேல்பக்கத்தில் சதுரத் துளையோடு வெளியேயும் ஓர் அறுகோணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராட்செட் நுழையாத இடத்தில் அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம்.

கே: இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. 16 சாக்கெட்டுக்கு எவ்வளவு இறுக்க வேண்டும்?

ப: இறுக்கத்தைத் தீர்மானிப்பது சாக்கெட் அளவு கிடையாது, மரையின் அளவு. ஒரே 16 சாக்கெட்டால் 14 மரையையும் முடுக்குவீர்கள், 10 மரையையும் முடுக்குவீர்கள். முதலாவது தாங்குவதில் பாதியைக்கூட இரண்டாவது தாங்காது. அலுமினிய ஹெட்டில், வாஷர் வைத்த பிளக்குக்கு, 14 மரை என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 என்றால் 15 முதல் 20. 10 என்றால் 10 முதல் 12 தான். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

ரெஞ்ச் இல்லையென்றால் விரலால் மட்டும் முடுக்கி, வாஷர் ஹெட்டில் உட்கார்ந்து நிற்கும் வரை போங்கள். அங்கிருந்து புது வாஷருக்கு அரைச் சுற்று, அதிகபட்சம் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும். ஏற்கனவே நசுங்கிய பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகர்கிற தூரம். வாஷரே இல்லாமல் கூம்பு வடிவில் உட்காருகிற பிளக் என்றால் அதைவிடக் குறைவு: பதினாறில் ஒரு பங்கு. முலாம் பூசிய புதுப் பிளக்கின் மரையில் கிரீஸோ வேறு பூச்சோ தடவாதீர்கள். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

மரையைத் தொடங்குவது எப்போதும் கையால். குழி ஆழமாக இருந்தால் ஒரு சாண் நீள ரப்பர் குழாயைப் பிளக்கின் மேல்முனையில் செருகி இறக்கித் திருப்புங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிக் கொடுத்துவிடும், ஹெட் பிழைக்கும். ராட்செட் அப்படி வழுக்காது.

கே: 21 போட்டுப் போட்டு முனை மழுங்கிவிட்டது. இப்போது எதுவும் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

ப: முதலில் நிறுத்துங்கள். என்ஜின் முழுக்க ஆறட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கை மல்லுக்கட்டினால் பிளக்கோடு மரையும் வந்துவிடும். குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். பிளக்கின் அடியைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஆறு முனை கொண்ட 13/16 சாக்கெட். 21 கூடாது. நன்றாக அடிவரை இறக்கி, கண்ணால் பார்த்து நேராக நிறுத்திக்கொண்டு திருப்புங்கள். கொஞ்சம் அசைந்ததும் தொடர்ந்து கழற்றிவிட வேண்டாம். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. கிறீச்சிடுகிற சத்தம் அடங்கும்வரை இதே வேலைதான். எனக்கு ஒரு பிளக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆன நாள் உண்டு, ஹெட் தப்பியது.

13/16-ம் வழுக்கினால் வீட்டில் மேற்கொண்டு முயல வேண்டாம். தெரிந்த பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போங்கள். அங்கே பிளக்கை இழந்து ஹெட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

கே: புதிதாக வேலை கற்றுக்கொள்கிறேன். எல்லா அளவும் வாங்கப் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

ப: 16, 21. இந்த இரண்டும் ரப்பர் வைத்தவை, ஆறு முனை. 21-க்குப் பதில் 13/16 கிடைத்தால் அதையே வாங்குங்கள், 20.8 தலையில் அதுதான் கச்சிதம். பைக் வேலை வந்தால் 18. பன்னிரண்டு முனை 14 வாங்குவது அந்த வண்டி உங்கள் கைக்கு வரும்போது. ஒரு 3/8 ராட்செட், ஆறு இன்ச் எக்ஸ்டென்ஷன் ஒன்று. மீதிப் பணத்தில் ஒரு வெர்னியர்.

கே: பழைய பிளக்கை 21 போட்டுக் கழற்றினேன். கடையில் கொடுத்த புதுப் பிளக்குக்கு 16 தேவைப்படுகிறது. தவறான பிளக்கைக் கொடுத்துவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. போடலாமா?

ப: இரண்டு பிளக்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வையுங்கள். மரையின் விட்டம் ஒன்றா? மரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம் ஒன்றா? பழையதில் வாஷர் என்றால் புதியதிலும் வாஷர், கூம்பு என்றால் கூம்பு, அப்படி இருக்கிறதா? கீழே பீங்கான் மூக்கு வெளியே நீட்டியிருக்கும் அளவு ஒத்துப்போகிறதா? வெப்ப எண்ணும், பிளக்குக்குள் ரெசிஸ்டர் (மின்தடை) உண்டு என்று சொல்லும் எழுத்தும் கையேட்டில் சொன்னதுதானா? இவை எல்லாம் ஒத்துப்போனால் தலை சிறுத்திருப்பதால் என்ஜினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மேலே செருகுகிற மூடி அதன்மேல் இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு, 16-ஐ எடுத்து முடுக்குங்கள். 14 மரை, புது வாஷர்: விரலிறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று.